கையில் கட்டிப் பார்த்தால் பிடிபடாத பிறஷர்

எங்கட வீடுகளில் 'பிறஷர்' என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. அம்மம்மாவின் குளிசைப் பை, கிளினிக் கொப்பி, மேல்கையில் சுற்றிக் காற்றடிக்கிற பட்டி, "உப்பைக் குறையுங்கோ, கோபப்படாதேங்கோ" என்ற அறிவுரை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். மாதத்துக்கு ஒருக்கா போய் இரண்டு இலக்கங்களை எழுதிக்கொண்டு வந்தால் அந்த மாதத்துக்கு நிம்மதி. ஆனால் உடம்புக்குள் இன்னொரு பிறஷரும் இருக்கிறது. அது அந்தப் பட்டிக்குப் பிடிபடாது. வயது போனவர்களைத்தான் தேடி வரும் என்றும் இல்லை. அதைப்பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இதயத்துக்கு இரண்டு பக்கம் என்பது ஓ.எல். விஞ்ஞானத்திலேயே படித்ததுதான். இடது இதயவறை முழு உடம்புக்கும் குருதியை அனுப்புகிறது. நாங்கள் கையில் அளப்பது அந்தப் பக்கத்தின் அமுக்கத்தை. வலது இதயவறை சுவாசப்பைக்கு மட்டும் அனுப்புகிறது. போகிற தூரம் குறைவு, குழாய்கள் மெல்லியவை, இளகிக் கொடுப்பவை. அதனால் பெரிய அமுக்கம் தேவையில்லை. ஓய்வாக இருக்கிற சுகதேகி ஒருவரின் சுவாசப்பை நாடியில் சராசரி அமுக்கம் ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் இரசம். மற்றப் பக்கத்தில் அது 90ஐ ஒட்டி இருக்கும். இத்தனைக்கும் ஒரு நிமிசத்தில் இரண்டு பக்கத்தாலும் ஓடுகிற குருதி ஒரே அளவு, ஓய்வில் 5 லீற்றர் வரை. சுவாசப்பைப் பக்கத்துச் சராசரி 20ஐத் தாண்டினால் அதைச் சுவாசப்பை உயர் குருதி அமுக்கம் என்கிறார்கள். 1973இல் ஜெனீவாவில் நடந்த உலக சுகாதார நிறுவனக் கூட்டத்திலிருந்து பல வருடமாக அந்த எல்லை 25 ஆக இருந்தது. 2018இல்தான் அதை 20க்கு இறக்கினார்கள்.

இதை எக்கோ செய்து ஊகிக்கலாம். உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் கழுத்தாலோ கையாலோ தொடையாலோ ஒரு நாளத்துக்குள் கதீற்றர் என்ற மெல்லிய குழாயை விட்டு, வலது இதயத்தைத் தாண்டி, சுவாசப்பை நாடிக்குள் வைத்தே அளக்க வேண்டும். 1929இல் வேர்னர் ஃபோர்ஸ்மான் என்ற ஜெர்மன் மருத்துவர் தன் கை நாளத்துக்குள் தானே குழாயை விட்டு, அது இதயத்துக்குப் போனதை எக்ஸ்றேயில் காட்டினார். அந்தப் பாதையில் தொடர்ந்து உழைத்த இருவரோடு சேர்த்து 1956இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பிறஷரைப் பார்க்க மனுசர் எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

எங்கட வாசிப்பு வட்டத்தில் ஒரு தோழி இருக்கிறா. பெயர் போட வேண்டாம் என்று சொன்னதும் அவாதான், எழுதச் சொன்னதும் அவாதான். 20 வயதளவில் அவாவுக்கு விரல்களில் தொடங்கியது. குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால், ஏசி பஸ்ஸில் ஏறினால், விரல்கள் வெள்ளையாகும், பிறகு நீலமாகும், பிறகு சிவந்து எரியும். கொஞ்சக் காலத்தில் விரல்களின் தோல் இறுகி, போட்ட மோதிரத்தைக் கழற்ற ஏலாமல் போனது. 25 வயதில் மூச்சு. கம்பஸில் மூன்றாம் மாடிக்குப் போவதற்கிடையில் இரண்டு இடத்தில் நிற்பா. நிற்கிறது தெரியாமலிருக்கப் போனை எடுத்துப் பார்க்கிற மாதிரி நிற்பா.

"இந்த வயசில படியேற ஏலாதோ? சரியான பஞ்சி பிடிச்ச பிள்ளை" என்றார்கள் சொந்தக்காரர். ஒரு மருத்துவர் முட்டு என்று பம்ப் எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் பயத்தால் வருகிற மூச்சு என்றார். கலியாணம் கட்டினால் எல்லாம் சரியாகும் என்று ஒரு மாமி சொன்னா. போன இடமெல்லாம் கையில் பட்டியைச் சுற்றினார்கள். அது எப்போதும் 110க்கு 70. "பிறஷர் நல்லாத்தான் இருக்கு, ஒண்டுமில்லை." இப்படி ஒன்றரை வருடம் போனது. கடைசியில் விரல்களையும் மூச்சையும் ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு இளம் மருத்துவரால்தான் எக்கோவும், பிறகு கதீற்றர் சோதனையும் நடந்தன. ஸ்க்ளெரோடெர்மா. உடம்பின் நிர்ப்பீடனம் உடம்பையே தாக்குகிற வருத்தங்களில் ஒன்று. தோலை இறுக்கிய அதே வருத்தம் சுவாசப்பை நாடிகளையும் பிடித்திருந்தது. இந்த வருத்தம் உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இப்படி நடக்கிறது.

இப்போது அவா குடிக்கிற குளிசைகளில் ஒன்று சில்டெனாஃபில். வயாகரா என்ற பெயரில் ஊருக்கே தெரிந்த மருந்து. அது சுவாசப்பையின் குருதிக்குழாய்களையும் விரிக்கும் என்பதால் 2005இலிருந்து இந்த வருத்தத்துக்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து. ஒரு இளம் பெண் துண்டைக் கொண்டுபோய் பாமசியில் நீட்டும்போது கிடைக்கிற பார்வையைப்பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். கலியாணம் கட்டச் சொன்ன மாமிக்கு ஒரு விசயம் தெரியாது. இந்த வருத்தத்தில் கர்ப்பம் தரிப்பது தாயின் உயிருக்கே ஆபத்து என்பதால் மருத்துவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். அதை 27 வயதில் ஒரு கிளினிக் மேசைக்கு முன்னால் இருந்து கேட்பது என்ன மாதிரி இருக்கும் என்று நாங்கள் எழுதப் போவதில்லை. அது அவாவின் கதை.

அவா எங்களிடம் கொண்டுவந்தது ஒரு கேள்வி. தன் வருத்தத்தைப்பற்றி வாசித்த இடமெல்லாம் 'அழற்சி' என்ற சொல் வந்தது. "அழற்சியாலதான் வந்ததெண்டா, அழற்சிக்கு மருந்து தந்தா முடிஞ்சுதே? ஏன் குழாயை விரிக்கிற குளிசை மட்டும் தருகினம்?" எங்களில் ஒருவர் மருத்துவபீடத்தில் படிக்கிறார். அவரை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் வாசித்ததும் கதைத்ததும்தான் இனி வருவது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். அழல் என்றால் நெருப்பு. ரோமில் முதலாம் நூற்றாண்டில் எழுதிய செல்சஸ், அழற்சிக்கு நாலு அடையாளம் சொன்னார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. முள்ளுக் குத்தின விரலில் நாலையும் பார்க்கலாம். சுவாசப்பைக்குள் ஒரு மில்லிமீற்றரிலும் சிறிய நாடியின் சுவரில் நெருப்புப் பிடித்தால் சிவப்பு வெளியில் தெரியாது, சூட்டைத் தொட்டுப் பார்க்க முடியாது, சுவாசப்பைத் திசு வலியையும் பெரிதாக உணர்வதில்லை. வெளியில் தெரிவது களைப்பு மட்டும். அந்தக் களைப்பைத்தான் பஞ்சி என்றார்கள்.

மருத்துவமும் இந்த நெருப்பை உடனே கண்டுபிடிக்கவில்லை. 1950களில் லண்டனில் போல் வூட் என்ற இதய மருத்துவர், குழாயைத் தளர்த்துகிற அசற்றைல்கோலினை சுவாசப்பை நாடிக்குள் செலுத்தி, சிலரில் அமுக்கம் குறைவதைக் காட்டினார். அப்போ குழாய் இறுகிப்போயிருப்பதுதான் வருத்தம், இளக்கினால் சரி என்ற எண்ணம் வேரூன்றியது. அது வீண் போகவில்லை. 1995இல் எபோப்ரொஸ்டெனோல், 2001இல் போசென்டான், பிறகு சில்டெனாஃபில் என்று அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற மருந்தெல்லாம் அடிப்படையில் குழாயை விரிக்கிறவை. அவை வருவதற்கு முன், 1980களில் அமெரிக்காவில் வைத்த ஒரு பதிவேட்டின்படி, காரணம் தெரியாமல் இந்த வருத்தம் வந்தவர்களில் பாதிப்பேர் அது கண்டுபிடிக்கப்பட்டு மூன்று வருடம்கூட உயிரோடு இருக்கவில்லை. இன்றைக்கு எங்கட தோழி எங்களோடு இருந்து சண்டை பிடிக்கிறா என்றால் அது இந்த மருந்துகளால்தான்.

ஆனால் ஒரு கணக்கு உதைத்தது. இறுக்கம் மட்டும்தான் பிரச்சினை என்றால், குழாயை விரிக்கிற மருந்தைக் கொடுத்துச் சோதிக்கும்போது எல்லோரிலும் அமுக்கம் நன்றாக இறங்க வேண்டும். அப்படி இறங்குவது ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான். மற்ற ஒன்பது பேரிலும் குழாய் இறுகி மட்டும் இருக்கவில்லை. சுவரே தடித்துப்போயிருந்தது.

1994இல் அமெரிக்காவின் கொலராடோவில் ரூபின் ரியூடரும் நோபேர்ட் ஃபோல்கெலும் சகாக்களும் இந்த நோயாளர்களின் சுவாசப்பைத் திசுவை நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதினார்கள். அடைபட்ட நாடிகளைச் சுற்றி ரீ கலங்கள், பி கலங்கள், மக்ரோபேஜ்கள் என்று நிர்ப்பீடனத்தின் ஆட்கள் கூடி நின்றார்கள். அடுத்த வருடம் பிரான்சில் மார்க் ஹம்பேர்ட்டும் சகாக்களும் இப்படியானவர்களின் குருதியில் இன்டர்லியூக்கின்-1, இன்டர்லியூக்கின்-6 என்ற அழற்சித் தூதுப் பொருட்கள் கூடியிருப்பதைக் காட்டினார்கள். வந்து நிற்கிறவர்கள் நெருப்பு வைக்க வந்தவர்களா, அணைக்க வந்தவர்களா என்ற கேள்வி அப்போதும் இருந்தது. 2009இல் எலிகளில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. சுவாசப்பையில் இன்டர்லியூக்கின்-6 அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும்படி மாற்றிய எலிகளுக்கு நாடிச் சுவர் தடித்து, அமுக்கமும் ஏறியது. அதாவது இந்த ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை.

எங்களுக்கு விளங்கினபடி நடப்பது இதுதான். நாடியின் உட்படையில் ஒரு காயம் படுகிறது. காயப்பட்ட கலங்கள் உதவி கேட்டுத் தூது அனுப்புகின்றன. வெண்குழியங்கள் வருகின்றன, மேலும் தூது விடுகின்றன. நடுப்படையில் இருக்கிற தசைக் கலங்களுக்கு 'பெருகு' என்ற கட்டளை போகிறது. சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் அவை பெருகுகின்றன. வெளிப்படையில் நார் சேர்கிறது. சாதாரணப் புண்ணில் இதெல்லாம் ஒரு கட்டத்தில் நின்றுவிடும், தழும்போடு முடியும். இங்கே நிற்பதில்லை. ஆறுவதை நிறுத்தத் தெரியாத புண் என்று சொல்லலாம். குழாய் உள்ளால் ஒடுங்க ஒடுங்க, மெல்லிய சுவர் கொண்ட வலது இதயவறை கூட வேலை செய்கிறது. முதலில் தடிக்கிறது, பிறகு வீங்குகிறது, பிறகு தளர்கிறது. கால் வீங்குவதும் நடக்கும்போது மயங்கி விழுவதும் அப்போதுதான். இந்த வருத்தத்தில் ஆளின் ஆயுளைத் தீர்மானிப்பது கடைசியில் அந்த வலது பக்கம்தான்.

இதை வைத்துப் பார்த்தால், தொடர்பில்லாத வருத்தங்கள் போல் தெரிகிறவை ஏன் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன என்பதும் விளங்கும். ஸ்க்ளெரோடெர்மா, லூபஸ், எச்.ஐ.வி. தொற்று எல்லாவற்றிலும் இந்த அமுக்கம் வரலாம். பிரேசில் போன்ற இடங்களில் சிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணிப் புழுவின் முட்டைகள் சுவாசப்பையின் சிறு நாடிகளில் போய்ச் சிக்க, அவற்றோடு நிர்ப்பீடனம் நடத்துகிற சண்டையால் வருகிறது. பரம்பரையாக வருவதும் உண்டு. 2000ஆம் ஆண்டில் அதற்குரிய பி.எம்.பி.ஆர்.2 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்தப் பிழையோடு பிறக்கிற பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுக்க இந்த வருத்தம் வருவதில்லை. இன்னொரு அடி விழ வேண்டும். அந்த இரண்டாவது அடிகளில் அழற்சியும் ஒன்று என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சரி, அப்போ தோழியின் கேள்வி. அழற்சியை அணைத்தால் முடியாதா?

இதற்கு எங்கட ஊருக்குப் பழக்கமான ஒரு வருத்தம் பதில் சொல்லும். வாதக் காய்ச்சல். சின்ன வயதில் வருகிற தொண்டை நோவுக்குப் பிறகு, கிருமியோடு சண்டை பிடிக்கப் போன நிர்ப்பீடனம் வழிதவறி இதய வால்வைத் தாக்குகிறது. அதுவும் அழற்சிதான். காய்ச்சல் மாறிவிடும், மூட்டு நோவு மாறிவிடும். ஆனால் சிலருக்கு வால்வு மெதுவாகத் தடித்து ஒட்டி, 20, 30 வருடம் கழித்து இடது சோணையிலிருந்து குருதி இறங்க வழியில்லாமல் பின்னுக்குத் தேங்கும். அந்தத் தேக்கம் சுவாசப்பை வரை போய் அங்கே அமுக்கத்தை ஏற்றும். இது வேறு வகைச் சுவாசப்பை அமுக்கம். மருத்துவர்கள் மொத்தம் ஐந்து வகை பிரிக்கிறார்கள், இடது பக்க இதயத்தால் வருவதுதான் உலகத்தில் அதிகம். ஆனால் பாடம் ஒன்றுதான். மூன்று, நாலு கிழமைக்கு ஒருக்கா போடுகிற பெனிசிலின் ஊசி அடுத்த நெருப்பு வராமல் தடுக்கும். ஏற்கெனவே ஒட்டிப்போன வால்வைத் திறக்காது. அதற்குப் பலூன் வேண்டும், இல்லையென்றால் சத்திரசிகிச்சை வேண்டும். நெருப்பு அணைந்த பிறகும் எரிந்த சுவர் எரிந்த சுவர்தான்.

சுவாசப்பை நாடிக்கும் இதே நிலைமை. லூபஸால் வந்தவர்களில் சிலருக்கு, நேரத்தோடு பிடித்தால், நிர்ப்பீடனத்தை அடக்குகிற மருந்துகளால் அமுக்கம் நன்றாகவே குறைந்திருக்கிறது. ஸ்க்ளெரோடெர்மாவில் அப்படிப் பலன் கிடைக்கவில்லை. பிரித்தானியாவில் இன்டர்லியூக்கின்-6இன் வழியை மறிக்கிற டொசிலிசுமாப் என்ற மருந்தை ஒரு சிறிய ஆய்வில் கொடுத்துப் பார்த்தார்கள். எலியில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்த வழி அது. மனுசரில் சுவாசப்பைக் குழாய்களின் தடை குறையவில்லை. ஒரு தூதுவனை மறித்தால் செய்தி வேறு வழியால் போகிறது போலும். சுவர் கட்டி முடிந்த பிறகு தூதுவனை மறிப்பதில் பிரயோசனம் குறைவு என்பதும் இருக்கலாம்.

இதை வாசித்துவிட்டு அவா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அப்ப சுவரைத் திருப்பி மெலிய வைக்க ஏலாதோ?" என்று கேட்டா. சரியான கேள்வி. அந்தத் திசையில்தான் இப்போது வேலை நடக்கிறது. சொடாடெர்செப்ட் என்ற மருந்தை 2024 மார்ச்சில் அமெரிக்கா அங்கீகரித்தது. மூன்று கிழமைக்கு ஒருக்கா தோலுக்குக் கீழே போடுகிற ஊசி. சுவர்க் கலங்களுக்குப் போகிற 'பெருகு' என்ற கட்டளையைத் தணிப்பது அதன் வேலை. விலங்குகளில் அழற்சியையும் அது குறைத்திருக்கிறது. 2023இல் வெளிவந்த ஆய்வில், ஏற்கெனவே மற்ற மருந்துகளை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதையும் சேர்த்துக் கொடுத்தபோது, 24 கிழமையின் பின் ஆறு நிமிசத்தில் நடக்கிற தூரம் வெற்று ஊசி போட்டவர்களைவிட ஏறத்தாழ 40 மீற்றர் கூடியது. 40 மீற்றர் என்ன பெரிய தூரமா என்று கேட்கக் கூடாது. மூன்றாம் மாடிக்கு நிற்காமல் போவதா இல்லையா என்பது அந்த 40 மீற்றரில்தான் இருக்கிறது. விலைதான் எங்கட கைக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அழற்சி இப்போது விற்பனையாகிற சொல். அழற்சியைத் தணிக்கும் தேநீர், அழற்சியைத் தணிக்கும் மாவு என்று போனைத் திறந்தால் வந்து விழுகிறது. தோழிக்கும் தினமும் யாராவது ஒன்றை அனுப்புகிறார்கள். மஞ்சள் கறிக்கு நல்லது. தடித்த நாடிச் சுவரை மஞ்சள்பால் திறக்காது. அதை நம்பி ஒருவர் குளிசையைத் திடீரென்று நிற்பாட்டினால் வலது இதயம் தாங்காது. பிறஷர் என்ற சொல் எங்களைப் பிழையான கையில் பட்டி கட்ட வைத்தது. அழற்சி என்ற சொல் எங்களைப் பிழையான கடைக்கு அனுப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் வாசித்து நாங்கள் வந்து சேர்ந்த இடம் மருந்தைவிட நேரத்தைப்பற்றியது. சுவர் தடிக்க முதல் பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய வித்தியாசம். ஆனால் அமெரிக்காவின் பெரிய பதிவேடு ஒன்றில், ஐந்தில் ஒருவருக்கு அறிகுறி தொடங்கி இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் வருத்தம் இன்னதென்று தெரிந்திருக்கிறது. 36 வயதுக்கு முன் அறிகுறி தொடங்கியவர்களுக்குத்தான் இந்தத் தாமதம் கூட நடந்திருக்கிறது. முட்டு என்று ஏற்கெனவே பெயர் வைக்கப்பட்டவர்களுக்கும் அப்படித்தான். இளம் ஆள், பார்வைக்கு நல்லாய் இருக்கிறார், பம்ப் இருக்கிறது, பிறகென்ன என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வருத்தம் பெண்களுக்குத்தான் கூட வருகிறது. பெண் மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் பயம், பஞ்சி, கலியாணம் என்று மூன்று பதில் எங்கட ஊரில் தயாராக இருக்கிறது.

அதனால் இதை வாசிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கோ பக்கத்தில் இருக்கிறவருக்கோ படியேற மூச்சு வாங்கி, அது கிழமைக்குக் கிழமை கூடினால், பம்புக்குக் கேட்கவில்லையென்றால், நடக்கும்போது தலை சுற்றினால், கால் வீங்கினால், கையில் பார்த்த பிறஷரோடு நின்றுவிட வேண்டாம். குளிரில் விரல் நிறம் மாறுகிறதென்றால், தோல் இறுகுகிறதென்றால், லூபஸ் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தால், அதையும் மூச்சோடு சேர்த்து ஒரே மூச்சில் மருத்துவரிடம் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொன்னால் தனித்தனியாகத்தான் மருந்து வரும். ஸ்க்ளெரோடெர்மா உள்ளவர்கள் மூச்சு வாங்கும் வரை காத்திருக்கவே தேவையில்லை. வருடத்துக்கு ஒருக்கா இதற்கென்று பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் சர்வதேச வழிகாட்டல்.

கேட்கப் பயமாக இருந்தால் தோழி எழுதித் தந்த வசனத்தை அப்படியே கொண்டுபோங்கள்: "டொக்டர், கையில பிறஷர் சரியெண்டு சொல்லுறியள். இதயத்தின்ர வலது பக்கம் எப்பிடி இருக்கெண்டு ஒருக்கா எக்கோ செய்து பாக்கலாமோ?"